கண்ணைப் பழக்கிய ஆசான்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. வேதியியல்)

ஓவியம் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது உருவம். மரம் மரமாக இருக்க வேண்டும். மயில் மயிலாக இருக்க வேண்டும். பார்த்ததைப் பார்த்தபடி வரைபவனே கைத்திறன் உடையவன் என்று கருதுகிறோம். பள்ளிநாட்களில் நானும் அப்படித்தான் கருதினேன். ஒருமுறை நான் வரைந்த யானை எருமையைப் போல் அமைந்துவிட்டது. வகுப்பே சிரித்தது. உனக்குக் கை வராது என்று ஒருவர் சொன்னார். அன்று மூடிய வண்ணப் பெட்டியை அதன்பின் நான் திறக்கவில்லை.

சென்ற ஆண்டு நம் கல்லூரி நூலகத்தில் ஓவியங்கள் நிறைந்த நூல் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பக்கத்தில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம், அதற்குள் மேலும் ஒரு சதுரம் என்று மஞ்சள் நிறத்தின் சில சாயல்கள் மட்டும் இருந்தன. யானையும் இல்லை, எருமையும் இல்லை. இதை நான்கூட வரைந்துவிடுவேனே என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். படத்தின் கீழ் இருந்த பெயர் ஜோசப் ஆல்பர்ஸ். அந்தச் சிரிப்பு எத்துணை அறியாமை உடையது என்பதை அவருடைய வாழ்க்கையைப் படித்தபின் உணர்ந்தேன். கை வராது என்று ஒதுங்கிய என் போன்றவர்களுக்காகவே வாழ்ந்த ஓர் ஆசிரியர் அவர் என்று எனக்குத் தோன்றியது. அவர் வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வண்ணம் பூசுபவரின் மகன்

ஜெர்மனி நாட்டின் மேற்குப் பகுதியில், நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்த ரூர் வட்டாரத்தில் உள்ள ஊர் போட்ராப். அவ்வூரில் 1888-ஆம் ஆண்டு மார்ச் 19-ஆம் நாள் ஆல்பர்ஸ் பிறந்தார். தந்தையார் லோரன்ஸ் ஆல்பர்ஸ் வீடுகளுக்கு வண்ணம் பூசுபவர். தச்சு வேலையும் பிற கைத்தொழில்களும் அறிந்தவர். தாயார் கொல்லர் குடும்பத்தில் பிறந்தவர். ஆகவே கருவிகளும் பலகைகளும் வண்ணக் குவளைகளுமே சிறுவன் ஆல்பர்ஸ் கண்ட முதற் பள்ளிக்கூடம் எனலாம்.

தந்தையார் மகனுக்குத் தொழில் நுணுக்கம் ஒன்றைக் கற்றுக்கொடுத்தார். கதவுக்கு வண்ணம் பூசும்போது ஓரத்திலிருந்து தொடங்கக் கூடாது. நடுவிலிருந்து தொடங்கி வெளிப்புறமாக வர வேண்டும். அப்படிச் செய்தால் வழியும் வண்ணத்தைப் பின்வரும் பூச்சிலேயே பிடித்துவிடலாம். சட்டைக் கையும் அழுக்காகாது. எளிய தொழிலாளி தம் மகனுக்குச் சொன்ன எளிய பாடம் இது. ஆனால் மகன் இதை மறக்கவில்லை. உலகம் போற்றும் ஓவியர் ஆனபின்பும், தம் சதுர ஓவியங்களை நடுச் சதுரத்தில் தொடங்கி வெளிநோக்கித்தான் அவர் தீட்டினார். நூல்களில் இல்லாத கல்வியும் கல்விதான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஆல்பர்ஸ் ஆசிரியர் பயிற்சி பெற்று, 1908 முதல் 1913 வரை தொடக்கப் பள்ளிகளில் சிறுவர்களுக்குப் பாடம் சொன்னார். பின்னர்ப் பெர்லின் நகரில் பயின்று 1915-இல் ஓவிய ஆசிரியருக்கான தகுதி பெற்றார். ஊர் திரும்பி ஆசிரியப் பணி செய்துகொண்டே அருகிலுள்ள எஸ்ஸன் நகரின் கலைத்தொழிற் பள்ளியில் படித்தார். 1919-இல் மூனிக் நகருக்குச் சென்று அங்கிருந்த கலைக்கழகத்தில் சேர்ந்தார். இடையில் முதல் உலகப் போர் வந்து போயிற்று. வயது முப்பதைக் கடந்துவிட்டது. நிலையான ஆசிரியர் வேலை இருந்தது. வேறொருவராக இருந்தால் இனி எதற்குப் படிப்பு என்று அமைதி கொண்டிருப்பார்.

முப்பத்திரண்டு வயது மாணவர்

1919-இல் வைமர் நகரில் வால்ட்டர் குரோப்பியஸ் என்ற கட்டடக் கலைஞர் பௌஹவுஸ் என்னும் கலைப்பள்ளியைத் தொடங்கினார். கலைஞனுக்கும் கைவினைஞனுக்கும் இடையே நின்ற சுவரை இடித்துத் தள்ள வேண்டும் என்பது அப்பள்ளியின் கொள்கை. ஓவியம் தீட்டுபவனும் நாற்காலி செய்பவனும் துணி நெய்பவனும் ஒரே கூரையின் கீழ்ப் பயில வேண்டும். இக்கொள்கையைக் கூறும் சிறிய அறிக்கை ஒன்று ஆல்பர்ஸின் கைக்குக் கிடைத்தது. அவர் தம் பழைய படிப்பை விட்டுவிட்டு 1920-இல் வைமருக்குச் சென்று முதல் வகுப்பில் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 32. உடன் பயின்றவர்களில் பலர் அவரைவிடப் பத்து வயதுக்கும் மேல் இளையவர்கள்.

கையில் பணம் இல்லை. வண்ணமும் துணித்திரையும் வாங்க வழியில்லை. ஆல்பர்ஸ் தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, ஒரு சுத்தியலையும் எடுத்துக்கொண்டு, ஊர்க் குப்பைமேட்டுக்குச் சென்றார். அங்கே கிடந்த உடைந்த புட்டிகளையும் கண்ணாடித் துண்டுகளையும் பொறுக்கி வந்தார். அவற்றைக் கம்பி வலையிலும் தகரத்திலும் பொருத்தி, வெளிச்சம் ஊடுருவும்படி நிறுத்தினார். பச்சையும் பழுப்பும் நீலமுமாக ஒளி அவற்றின் வழியே வந்தபோது, குப்பையில் கிடந்தவை கோயிற் சாளரம்போல் ஒளிர்ந்தன.

முதலில் சுவர் ஓவியம் பயில வேண்டும் என்று பள்ளியினர் அவருக்குக் கூறியிருந்தனர். அவர் அதைப் பொருட்படுத்தாமல் கண்ணாடியோடு கிடந்தமையால், தொடர்ந்து படிக்க இயலாமற் போகலாம் என்ற எச்சரிக்கையும் வந்தது. ஆனால் அவர் செய்தவற்றைக் காட்சிக்கு வைத்தபின் நிலை மாறியது. பள்ளியில் கண்ணாடிப் பட்டறை ஒன்றை அமைக்கும் பொறுப்பே அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. விலைகொடுத்து வாங்கிய பொருளில்தான் கலை உண்டு என்பதில்லை. உற்றுப் பார்க்கும் கண் இருந்தால் குப்பைமேடும் கலைக்கூடமாகும். இந்தப் பாடத்தைத்தான் பின்னாளில் அவர் தம் மாணவர்களுக்கு வாழ்நாளெல்லாம் கற்பித்தார்.

செய்தித்தாள் வகுப்பு

பௌஹவுஸில் சேரும் எவரும் முதலில் ஒரு தொடக்க வகுப்பில் பயில வேண்டும். அதை நடத்தி வந்த ஜோஹான்னஸ் இட்டன் 1923-இல் விலகினார். பொருள்களைக் கையாளும் முறையைப் புதியவர்களுக்குக் கற்பிக்கும் வேலையைக் குரோப்பியஸ் ஆல்பர்ஸிடம் கொடுத்தார். தொடக்கப் பள்ளியில் பல ஆண்டு பணியாற்றியவர் ஆதலால் தொடங்குபவர்களின் அச்சம் அவருக்குத் தெரியும். 1925-இல் பள்ளி டெஸ்ஸாவு நகருக்கு மாறியது. அவ்வாண்டில்தான் நெசவுப் பட்டறை மாணவியான அன்னி என்பவரை ஆல்பர்ஸ் மணந்தார். அந்த அம்மையாரும் பிற்காலத்தில் நெசவுக் கலையில் உலகப்புகழ் பெற்றார். 1928 முதல் தொடக்க வகுப்பு முழுவதும் ஆல்பர்ஸின் பொறுப்பாயிற்று.

அவ்வகுப்பு எப்படி நடந்தது என்பதை அன்று மாணவராக இருந்த ஹன்னஸ் பெக்மன் என்ற ஓவியர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். முதல் நாள். ஆல்பர்ஸ் ஒரு கட்டுச் செய்தித்தாளோடு உள்ளே வந்தார். ஆளுக்கொரு தாளாகக் கொடுத்தார். இந்தத் தாளிலிருந்து, இப்போது இருப்பதைவிட மேலான ஒன்றை உண்டாக்குங்கள் என்றார். தாளின் தன்மையை மதித்துச் செய்ய வேண்டும். கத்தி, கத்தரி, பசை முதலியன இன்றிச் செய்ய முடிந்தால் மிகவும் நல்லது என்று கூறிவிட்டு வெளியே போய்விட்டார்.

சில மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தார். மாணவர்கள் செய்தவை தரையில் பரப்பப்பட்டன. கோட்டைகள், கப்பல்கள், விமானங்கள், விலங்குகள், முகமூடிகள் எனப் பலவும் இருந்தன. ஆல்பர்ஸ் அவற்றைப் பார்த்து, இவை எல்லாம் மழலையர் பள்ளிப் பொருள்கள். வேறு பொருள்களால் இவற்றை இன்னும் நன்றாகச் செய்யலாமே என்றார். பிறகு மிக எளிதாகத் தோன்றிய ஒன்றைச் சுட்டிக்காட்டினார். ஹங்கேரி நாட்டைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் செய்தது அது. அவர் தாளை நீளவாக்கில் மடித்திருந்தார், வேறொன்றும் செய்யவில்லை. மடித்த தாள் தட்டியைப் போலத் தானாக நின்றது.

ஏன் இது சிறந்தது என்று ஆல்பர்ஸ் விளக்கினார். மேசைமேல் கிடக்கும் தாள் துவண்டது. அதன் ஒரு பக்கந்தான் கண்ணுக்குத் தெரியும். மடிப்பு விழுந்ததும் அதே தாள் விறைப்புப் பெற்றது. தன் மெல்லிய ஓரத்தின்மேலேயே நிற்கும் வலிமை பெற்றது. இரு பக்கங்களும் கண்ணுக்குப் புலனாயின. ஒன்றையும் சேர்க்கவில்லை, ஒன்றையும் வெட்டி எறியவில்லை. ஆனால் சோம்பிக் கிடந்த தாள் எழுந்து நின்றுவிட்டது!

நண்பர்களே, அருவ ஓவியம், அருவச் சிற்பம் என்று சொல்கிறோமே, அதன் வாயில் இங்கேதான் இருக்கிறது. கப்பலைச் செய்தால், கப்பலைப்போல் இருக்கிறதா இல்லையா என்ற கேள்வி வரும். தேர்ந்த கையுடையவன் வெல்வான். மற்றவன் என்னைப்போல் பெட்டியை மூடிவிடுவான். வெறும் மடிப்பைச் செய்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. தாள் என்ன செய்கிறது, ஒளி எங்கே விழுகிறது, நிழல் எங்கே தங்குகிறது என்ற கேள்விகள்தாம் எஞ்சும். இவற்றுக்கு விடைகாண வேண்டுவது பழகிய கை அன்று, விழித்த கண்.

இவ்விளையாட்டுக்கு விதிகள் உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரு பொருள் மட்டுமே தரப்படும். கருவிகள் குறைவு. வீணாக்குதல் கூடாது. குறைந்த பொருளில் மிகுந்த பயன் காண வேண்டும். நெளிவட்டை, கம்பி வலை, வைக்கோல், தீப்பெட்டி, சவரத்தகடு, இசைத்தட்டு ஊசி ஆகியவற்றையும் மாணவர் கையில் கொடுத்தார் ஆல்பர்ஸ். ஒரு பொருளை இதற்குமுன் இப்படித்தான் பயன்படுத்தினார்கள் என்ற வழக்கத்தை ஒதுக்கிவிட்டு, அப்பொருளையே கேட்டுத் தெரிந்துகொள்ளச் செய்தார். விடையை முன்னே சொல்லிப் பின்னே பயிற்சி தருவது பெரும்பாலோர் வழக்கம். முதலில் முயற்சி, பிறகு ஒப்பிடுதல், கடைசியில் விளக்கம் என்பது ஆல்பர்ஸ் கண்ட முறை.

கடல் கடந்த ஆசிரியர்

1932-இல் டெஸ்ஸாவு நகரசபையில் நாஜிகளின் கை ஓங்கியதால் பௌஹவுஸ் அங்கிருந்து வெளியேறிப் பெர்லினுக்கு வந்தது. 1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் அங்கும் காவல்துறையினர் புகுந்து சோதனையிட்டுப் பூட்டினர். அடிபணிந்து நடத்துவதைவிட மூடிவிடுவதே மேல் என்று ஆசிரியர்கள் அவ்வாண்டிலேயே பள்ளியைக் கலைத்துவிட்டனர். ஆல்பர்ஸுக்கு வேலை போயிற்று. அன்னி யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஆகவே வேலை மட்டுமன்று, வாழ்வே கேள்விக்குறியாக நின்றது.

அவ்வேளையில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், மலைகள் சூழ்ந்த இடத்தில், பிளாக் மவுண்டன் கல்லூரி என்ற சிறிய கல்லூரி தொடங்கப்பட்டிருந்தது. அக்கல்லூரியினர் ஓவியம் கற்பிக்க ஓர் ஆசிரியரைத் தேடினர். நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தைச் சேர்ந்த பிலிப் ஜான்சன் ஆல்பர்ஸின் பெயரைப் பரிந்துரைத்தார். 1933 நவம்பரில் கணவனும் மனைவியும் அமெரிக்கக் கரையில் இறங்கினர். ஆல்பர்ஸுக்கு வயது 45. ஆங்கிலம் ஏறக்குறைய தெரியாது. இங்கே என்ன கற்பிக்கப் போகிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு, தெரிந்த சில சொற்களைக்கொண்டு, கண்களைத் திறக்கப் போவதாக விடை சொன்னாராம். மொழி முழுமையாக வராத ஒருவர் தம் வாழ்நாட் குறிக்கோளை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலுமா?

பிளாக் மவுண்டன் பணம் மிகுந்த கல்லூரி அன்று. மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து பண்ணை வேலை செய்தனர், கட்டடமும் கட்டினர். வண்ணம் வாங்கப் பணமில்லாத இடத்தில் ஆல்பர்ஸ் மாணவர்களைக் காட்டுக்கு அழைத்துச் சென்றார். இலையுதிர்காலத்தில் உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி வரச் செய்தார். சிவப்பும் மஞ்சளும் பழுப்புமான அந்த இலைகளைத் தாளில் ஒட்டி, ஒரு நிறம் அடுத்த நிறத்தை எப்படி மாற்றுகிறது என்று பார்க்கச் செய்தார். வைமரில் குப்பைமேட்டுக்குச் சென்ற அதே கண் இங்கே காட்டுக்குச் சென்றது.

அங்குப் பயின்றவர்களுள் ஒருவர் ரூத் அசாவா. ஜப்பானிய வமிசத்தைச் சேர்ந்த அமெரிக்கப் பெண்மணி. இரண்டாம் உலகப் போரின்போது குடும்பத்தோடு முகாமில் அடைக்கப்பட்டவர். ஆசிரியை ஆக விரும்பிப் படித்தும், இனத்தின் காரணமாக அவருக்குப் பயிற்சிக்குரிய இடம் மறுக்கப்பட்டது. 1946-இல் பிளாக் மவுண்டனுக்கு வந்து ஆல்பர்ஸிடம் பயின்றார். மெக்சிகோவில் முட்டைக் கூடை பின்னும் கைவினைஞர்களிடம் கம்பி பின்னக் கற்று, அதனையே வளர்த்து, காற்றில் தொங்கும் ஒப்பற்ற சிற்பங்களைப் படைத்தார். 1968-இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் பள்ளிக் குழந்தைகளுக்கான கலைப் பட்டறையைத் தொடங்கினார். ஆசான் ஏற்றிய விளக்கு அடுத்த தலைமுறையின் கைக்கும் சென்றது.

ஆல்பர்ஸ் கனிவே உருவானவர் என்று நான் கூறினால் அது உண்மையாகாது. அவர் கண்டிப்பானவர். மாணவரின் வேலையை எல்லோர் முன்னிலையிலும் கடுமையாகக் குறைகூறுவார். மனத்தில் தோன்றியதை எல்லாம் கொட்டுவதே கலை என்னும் கருத்தை அவர் ஏற்கவில்லை. 1948-இல் அங்கே பயின்ற ராபர்ட் ரௌஷன்பர்க் அவரிடம் மிகவும் அல்லற்பட்டார். பிற்காலத்தில் பெரும்புகழ் பெற்ற அந்த ஓவியர், தமக்கு வாய்த்த ஆசிரியர்களுள் மிக முதன்மையானவர் ஆல்பர்ஸ்தான் என்றும் சொல்லியிருக்கிறார். ஆசானைப்போல் வரைந்து காட்டிய மாணவர் பலர் அல்லர். ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியில் சென்றனர் என்பதே அந்த ஆசானுக்குப் பெருமை.

நிறம் செய்யும் மாயம்

1950-இல் ஆல்பர்ஸ் யேல் பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புத் துறைக்குத் தலைவரானார். அங்கும் அவர் பெரிதும் விரும்பி நடத்தியது நிறம் பற்றிய வகுப்பு. அதில் வண்ணக் குழம்பைவிட வண்ணத் தாளையே மிகுதியாகப் பயன்படுத்தச் சொன்னார். தாள் மலிவு, அச்சகங்களிலும் பழைய இதழ்களிலும் துண்டுகளாகக் கிடைக்கும். கலக்க வேண்டுவதில்லை. ஒரே நிறத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் மாறாமல் பயன்படுத்தலாம். தூரிகை பிடிக்கத் தெரியாதவனும் முதல் நாளிலேயே சோதனையில் இறங்கலாம்.

அவர் கொடுத்த கணக்குகளுள் ஒன்று, ஒரு நிறத்தை இரண்டு நிறமாகக் காட்டு என்பது. மற்றொன்று, வெவ்வேறான இரண்டு நிறங்களை ஒன்றுபோல் காட்டு என்பது. கேட்கும்போது மந்திர வித்தைபோல் இருக்கிறது. ஆனால் செய்து பார்க்கலாம். நான் செய்து பார்த்தேன்.

என் தாயார் தையற்பொறியில் துணி தைப்பவர். பொறியின் அடியில் துண்டுத் துணிகள் குவிந்து கிடக்கும். அவற்றிலிருந்து சாம்பல் நிறத் துணி ஒன்றை எடுத்து, ஒரே அளவில் இரண்டு சிறு துண்டுகளாக வெட்டினேன். ஒன்றைக் கறுப்புத் துணியின் நடுவிலும், மற்றொன்றை வெளிர்மஞ்சள் துணியின் நடுவிலும் வைத்தேன். கறுப்பின்மேல் இருந்தது வெளுத்துத் தெரிந்தது. மஞ்சளின்மேல் இருந்தது கறுத்துத் தெரிந்தது. நானே வெட்டியது என்று தெரிந்தும் என் கண் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மாவை அழைத்து, இவை இரண்டும் ஒரே துணியா என்று கேட்டேன். அம்மா வியப்படையவே இல்லை. அதனால்தான் நூலைத் தனியாகப் பார்த்து எடுக்கக் கூடாது, துணிமேல் வைத்து வாசல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் தைக்கப் போய்விட்டார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் வகுப்பெடுத்துச் சொன்ன உண்மை எங்கள் வீட்டு வாசலில் நாள்தோறும் நடந்துகொண்டிருந்திருக்கிறது. நான்தான் பார்க்கவில்லை.

ஆல்பர்ஸ் தம் நூலில் மற்றொரு சோதனையையும் சொல்கிறார். மூன்று பாத்திரங்களில் வெந்நீர், வெதுவெதுப்பான நீர், குளிர்ந்த நீர் ஆகியவற்றை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு கையை வெந்நீரிலும் மறுகையைக் குளிர்நீரிலும் சிறிது நேரம் வைத்திருந்து, பிறகு இரண்டையும் ஒன்றாக நடுப் பாத்திரத்தில் விட வேண்டும். அதே நீர் ஒரு கைக்குக் குளிர்ந்தும் மறுகைக்குச் சூடாகவும் தோன்றும். தொடு உணர்வு ஏமாறுவதைப் போலவே கண்ணும் ஏமாறுகிறது. நிறம் என்பது பொருளில் மட்டும் இல்லை. அருகிலுள்ள நிறத்திலும், விழும் ஒளியிலும், பார்க்கும் கண்ணிலும் இருக்கிறது என்பதே அவர் கண்ட முடிவு.

இத்தகைய சோதனைகளையெல்லாம் திரட்டி, நிறங்களின் ஒன்றன்மேல் ஒன்றான செயலை விளக்கும் பெருநூலை அவர் 1963-இல் வெளியிட்டார். 150 வண்ணத் தகடுகள் கொண்ட அந்நூலில் மாணவர்கள் செய்துபார்த்த விடைகளும் இடம்பெற்றன. அந்நூலைத் தம் மாணவர்களுக்கு நன்றியாகவே அவர் படைத்தார். மாணவர் ஆசிரியருக்கு நன்றி சொல்வது உலக இயல்பு. ஆசிரியர் மாணவருக்கு நன்றி சொல்வது அரிது.

சதுரங்களின் பெருமை

நான் பார்த்துச் சிரித்த அந்தச் சதுரங்களுக்கு இப்போது வருகிறேன். 'சதுரத்துக்கு வணக்கம்' என்னும் பொருள்படும் பெயரில் ஆல்பர்ஸ் அவ்வரிசையைத் தொடங்கியது 1950-இல். வயது 62. நம் நாட்டில் ஓய்வூதியம் பெற்று அமரும் வயதில் அவர் தம் தலைசிறந்த பணியைத் தொடங்கினார். ஏறத்தாழ 26 ஆண்டுகள், இறக்கும்வரை, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சதுர ஓவியங்களைத் தீட்டினார்.

மேசனைட் எனப்படும் மரநார்ப் பலகையில் முதலில் வெள்ளைப் பூச்சுகள். அதன்மேல் மூன்று அல்லது நான்கு சதுரங்கள். குழாயிலிருந்து பிதுக்கிய வண்ணத்தைப் பெரும்பாலும் கலக்காமலே சிறு கத்தியால் பூசுவார். எந்த நிறுவனத்தின் எந்த வண்ணத்தைப் பூசினார் என்பதைப் பலகையின் பின்புறத்தில் எழுதிவைப்பார். நாம் ஆய்வுக்கூடத்தில் வேதிப்பொருளின் பெயரையும் அளவையும் குறிப்பேட்டில் எழுதுவதை ஒத்தது இது. வடிவம் மாறுவதே இல்லை. நிறங்கள் மட்டுமே மாறும். ஒன்றை மட்டும் மாற்றி, மற்றவற்றை நிலையாக வைத்துப் பார்ப்பதுதானே அறிவியல் சோதனையின் இலக்கணம்? ஒரு சதுரம் முன்னே வருவதுபோலவும், மற்றொன்று உள்ளே போவதுபோலவும், எல்லைக்கோடு கரைவதுபோலவும் தோன்றும். பலகையில் அவ்வாறு ஒன்றும் இல்லை. எல்லாம் நம் கண்ணில் நிகழ்கின்றன.

1971-இல் நியூயார்க் நகரின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் அவருடைய வாழ்நாட் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தது. உயிரோடிருக்கும் ஓவியர் ஒருவருக்கு அவ்வருங்காட்சியகம் அத்தகைய தனிக்காட்சி நடத்தியது அதுவே முதன்முறை. 1976-ஆம் ஆண்டு மார்ச் 25-ஆம் நாள், 88 வயது நிறைந்து ஆறு நாட்கள் கழிந்தபின், நியூஹேவன் நகரில் ஆல்பர்ஸ் மறைந்தார். 1980-இல் அமெரிக்க அரசு கல்வியைப் போற்றி ஓர் அஞ்சல்தலை வெளியிட்டது. அதில் இடம்பெற்றது அவருடைய சதுர ஓவியம் ஒன்று. கற்பதற்கு முடிவில்லை என்னும் கருத்து அதில் பொறிக்கப்பட்டிருந்தது. 32 வயதில் மாணவராகச் சேர்ந்து, 62 வயதில் புதிய பணியைத் தொடங்கியவருக்கு இதைவிடப் பொருத்தமான நினைவுச் சின்னம் இல்லை.

ஆய்வுக்கூடத்தில் ஒரு பாடம்

இவ்வரலாற்றைப் படித்ததால் எனக்கு என்ன பயன் விளைந்தது என்று நீங்கள் கேட்கலாம். வெட்கத்தோடு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பருமனறி பகுப்பாய்வில் இரண்டு அளவீடுகள் ஒத்துவர வேண்டும். முதல் அளவீட்டை எடுத்தபின், இரண்டாவதைப் பார்க்காமலே முதலாவதுபோல் எழுதிவிடும் பழக்கம் எனக்கு இருந்தது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். தவறு செய்தால் யாரிடம் கேட்பது என்ற அச்சம் எப்போதும் உண்டு. சரியான விடை எதுவோ அதை எழுதிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்று எண்ணினேன். யானை வரைந்து சிரிப்புக்கு ஆளான நாளிலிருந்தே அந்த அச்சம் என்னோடு வந்திருக்கிறது.

ஆல்பர்ஸின் வகுப்பைப் பற்றிப் படித்தபின் ஒருநாள், கண் கண்டதையே எழுதுவது என்று உறுதி கொண்டேன். முதல் அளவீடு 18.6, இரண்டாவது 18.2. ஒத்துவரவில்லை. நடுக்கத்தோடு பேராசிரியரிடம் குறிப்பேட்டைக் காட்டினேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. என் பியூரெட்டைப் பார்த்து, கரைசல் ஊற்றிய புனலை எடுக்காமலே வைத்திருக்கிறாயே, அதிலிருந்து சொட்டு விழுந்திருக்கும் என்றார். புனலை எடுத்துவிட்டு மறுபடி செய்தேன். 18.6 வந்தது. பொய்யாக எழுதியிருந்தால் என் குறிப்பேடு சரியாக இருந்திருக்கும். நான் தவறாகவே இருந்திருப்பேன்.

அன்று கூம்புக் குடுவையின் அடியில் இருந்த வெள்ளைப் பீங்கான் ஓட்டையும் புதிய கண்ணோடு பார்த்தேன். மரமேசையின் பழுப்பில் இளஞ்சிவப்பின் முதல் சாயல் தெரியாது, வெள்ளையின்மேல்தான் தெரியும். ஓராண்டாக அந்த ஓட்டை ஏன் வைக்கிறோம் என்று எண்ணாமலே வைத்துக்கொண்டிருந்தேன். ஆல்பர்ஸ் ஓவியருக்குச் சொன்ன உண்மைதான் அங்கே வேதியியல் மாணவனுக்கும் உதவிக்கொண்டிருந்தது.

கலை வேறு, அறிவியல் வேறு என்று நாம் பிரித்துவைத்திருக்கிறோம். செய்து பார், உற்று நோக்கு, ஒப்பிடு, பிறகு சொல் என்னும் நான்கும் இரண்டுக்கும் பொது. எனக்குக் கை வராது என்று வண்ணப் பெட்டியை மூடிவைத்திருக்கும் நண்பர்கள் இக்கல்லூரியில் இன்னும் சிலர் இருக்கக்கூடும். அவர்களை நான் வேண்டிக்கொள்வது ஒன்றே. இன்று மாலை பழைய செய்தித்தாள் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தரி வேண்டாம், பசை வேண்டாம். அதை எழுந்து நிற்கச் செய்யுங்கள். அது எதைப்போலவும் இருக்க வேண்டியதில்லை. எங்கே ஒளி விழுகிறது என்று மட்டும் பாருங்கள்.

நான் செய்த தாள் முதல் மூன்று முறை சரிந்து விழுந்தது. நான்காம் முறை நின்றது. யாரும் சிரிக்கவில்லை.